காக்கைக்குப் பதில் மயில்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "நீங்கள் நல்லவரா, கெட்டவரா? ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் பெயரைப் பதிய முடியும்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. விசா, வாடகை வீடு, பள்ளிக்கூடச் சேர்க்கை, குடியுரிமை என்று எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். எல்லா மேசையிலும் இதே கேள்வியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். நேராகக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அதற்காக அவரைப் பாராட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு இருந்த எரிச்சலில் தோன்றவில்லை.

கேட்டவர் போலீஸ்காரி இல்லை. சிறுவர்களுக்கான மாயக்கதைப் புத்தகம் ஒன்றின் ரசிகர் மன்றத்தில் வேடப் போட்டியை நடத்துகிறவர். பதில் தெரியாமல் நின்ற நான் கௌரி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரி, இப்போது மான்செஸ்டரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். வயது நாற்பத்தாறு. பத்து வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட 'மணித்தீவு' என்ற எட்டுப் புத்தக வரிசைக்கு நான் தீவிர ரசிகை. ஊரில் உள்ளவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

ஊரில் ரசிகர் மன்றம் என்றால் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவார்கள், தியேட்டர் கதவை உடைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. வரிசையில் நின்று, மன்னிப்புக் கேட்டு, விதிமுறை படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பைத்தியமாக இருப்பார்கள். குடியுரிமைத் தேர்வில் நான் முதல் தடவையே தேறிவிட்டேன். இந்த மன்றத்தின் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவதில்தான் தேறினேன்.

கதை இதுதான். கடல் நடுவே ஒரு தீவு. அதில் ஒன்பது மணிக்கூண்டுகள். ஒன்பதாவது கூண்டின் மணியோசை சில குழந்தைகளுக்கு மட்டும்தான் கேட்கும். கேட்டவர்கள் எல்லாம் காக்கைப் படையில் சேர்ந்து தீவைக் காப்பாற்றுவார்கள். பிரின் என்ற அநாதைப் பெண்தான் கதாநாயகி. அவள் போட்டுக்கொள்வது விளிம்பெல்லாம் வரிசையாகக் காக்கைகள் வைத்த கறுப்பு அங்கி. வில்லியின் பெயர் மயிலரசி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

2

எனக்கு இந்தப் பைத்தியம் இங்கே வந்து பிடித்ததல்ல. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் அண்ணன் குமரவேல். பள்ளிக்கூட நூலகத்தில் கிடைத்த மந்திரவாதிக் கதைகளை எல்லாம் நான் நடுவில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். இரண்டு தறியும் ஓடும்போது கத்தினால்தான் காதில் விழும். மந்திரவாதி குகைக்குள் நுழைகிற இடம் வந்தால், அண்ணன் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து, "தறி நின்னா கதையும் நிக்கும்பா" என்பார். உடனே தறி ஓடும்.

அந்தத் தொண்டையோடுதான் இங்கே வந்தேன். யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது, ஆங்கிலம் பழகிக்கொள்ளலாமே என்று நூலகத்தின் சிறுவர் பகுதியில் மணித்தீவு முதல் புத்தகத்தை எடுத்து வந்தேன். அவளைத் தூங்க வைக்கப் படித்துக் காட்டினேன். பிரினை மயிலரசி சிறைபிடிக்கும் அத்தியாயத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். என் கணவர் வேலையிலிருந்து வரவில்லை என்று தெரிந்த பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. எனக்கு ஏதாவது ஆபத்து என்றால் கண்ணைச் சிமிட்டினால் போதும், தான் பார்த்துக்கொள்வதாகத் தணிந்த குரலில் சொன்னார். புத்தகத்தைக் காட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டு இன்னும் கவலையாகப் போனார்.

என் ஆங்கிலம் முழுக்க அந்தப் புத்தகத்தில் கற்றது. அதனால் நான் பேசினால் மந்திரவாதி பேசுகிற மாதிரி இருக்கும் என்று யாழினி சொல்வாள். கிளினிக்கில் தாமதமாக வந்த ஒருவரிடம், "தங்களுக்கு விதிக்கப்பட்ட வேளை கடந்துவிட்டது" என்று சொன்னேன். அவர் எனக்கு எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டர் வந்து, பல் மட்டும்தான் போகும், உயிர் போகாது என்று தேற்ற வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு புத்தகம் முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டுக் கதையைத் தமிழில் சொல்வேன். அது போனைத் தறி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நெய்யும். குகையோ கோட்டையோ வந்தால் இப்போதும் தறிச் சத்தம் நின்றுவிடும். அப்பா இல்லை, அதட்ட ஆளும் இல்லை.

3

யாழினி பத்து வயது வரைக்கும் என்னைவிடப் பெரிய ரசிகை. முதல் புத்தகம் வெளியான நாளை மன்றத்தார் ஆண்டுதோறும் கொண்டாடுவார்கள். நானும் அவளும் தவறாமல் போவோம். அட்டையில் வெட்டிய காக்கையை ஆளுக்கொன்றாகக் குத்திக்கொள்வோம். வீட்டில் அவளோடு தமிழ் பேசினால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆங்கிலத்தில் பேசினால் சிரிப்பு வரும். மணித்தீவு பற்றிப் பேசினால் மட்டும் எந்த மொழியிலும் மணிக்கணக்காகப் பேசுவாள்.

பதினைந்து வயதில் அவள் பெயர் யாஸ் ஆனது. பள்ளிக்கூடத்தில் சுருக்கிவிட்டார்களாம். நானும் என் கணவரும் பொருத்தம் பார்த்து, எழுத்துப் பார்த்து, இரண்டு குடும்பத்துக்கும் சண்டை மூட்டி வைத்த பெயர். இந்த வருடம் விழாவுக்குப் போகலாமா என்று கேட்டபோது போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அம்மா, அது கிட்ஸ் புக். நான் வரல. அன்னிக்கு சயின்ஸ் ப்ராஜெக்ட் இருக்கு."

என் கணவர் வாலாஜாபாத்காரர், நெல்லு மில் குடும்பம், கதை கேட்டால் கொட்டாவி விடுவார். "பொண்ணு வளர்ந்துடுச்சு. நீ எப்போ வளரப்போறே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தகம் போனால் போகட்டும், அது போனால் எனக்கும் அவளுக்கும் நடுவில் மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டியா, சார்ஜர் எங்கே, குளிருக்கு ஜாக்கெட் எடுத்துக்கோ. பதிலுக்கு ஒரு 'ம்'. வயசான காலத்தில் என்னோடு பேச அவளுக்கு இந்த மூன்று வாக்கியமும் ஓர் எழுத்தும்தான் இருக்குமா என்று பயமே வந்துவிட்டது.

பயந்த தாய்மார்கள் புத்தியோடு எதையும் செய்வதில்லை. நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். யாழினி அளவுக்கு ஓர் அங்கி, அசல் பட்டில், கறுப்பு, கரையில் காக்கைகள். பிளாஸ்டிக் துணியில் கடையில் விற்கிற அங்கியைப் போட்டுக்கொண்டு எல்லாரும் நிற்கும்போது, இவள் மட்டும் காஞ்சிப் பட்டில் பிரின் மாதிரி நடந்து வந்தால் மனசு மாறாதா? காக்கையின் படத்தையும் வரைந்து அனுப்பினேன். "யாழினி பாப்பாவுக்கா? அனுப்பிடறேன்மா" என்றது அண்ணன். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு சுலபமாக அது எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை.

4

பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டது. உள்ளே இருப்பது உடையா, நாடக வேடமா, மதச் சடங்குப் பொருளா என்று கேட்டு ஓர் அதிகாரி போன் செய்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சாமித் துணி என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதாம். அது என் அண்ணனின் கைவரிசை. சாமித் துணி என்று எழுதினால் மரியாதையாக, மிதிக்காமல் அனுப்புவார்கள் என்பது அதன் கணக்கு. நான் அதிகாரியிடம், "அருள்கூர்ந்து அதை விடுவிக்குமாறு உம்மை இறைஞ்சுகிறேன்" என்றேன். அவர் அவசரமாக, மதச் சடங்கு என்றே பதிந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். மறுநாளே வந்து சேர்ந்தது.

பிரித்தேன். பட்டு கையில் விழுந்ததுமே கனத்திலேயே அசல் என்று தெரிந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளுக்குத் துணி தைக்கிற தையல்காரரிடம் கொடுத்துத் தைத்திருந்தது அண்ணன். தலையை மூடும் பகுதி முக்காடு மாதிரி விழுந்தது. கழுத்தில் ரவிக்கைக் கொக்கி. அதெல்லாம் பரவாயில்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் கறுப்பு, அரக்காக மாறியது. கரை முழுக்க வரிசையாக, தோகையோடு, ஜரிகையில் மயில்கள். ஒரு காக்கைகூட இல்லை.

யாழினி வந்து எட்டிப் பார்த்தாள். கரையை விரலால் ஒரு தடவை தடவினாள். "பேர்ட் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதையே வேண்டாம் என்றவளுக்குப் பறவை மட்டும் எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. போனை எடுத்தேன்.

"ண்ணா, காக்கா எங்க?"

"இன்னா கௌரி, காக்கா காக்கான்றே. காக்காக்கு சோறு வெப்போம். பட்டுல வெப்பமா?"

"படம் வரைஞ்சி அனுப்பினேனே."

"அட்டை அடிக்கிறவராண்ட குடுத்தேன். அவரு படத்த தொடக்கூட இல்ல. யாரு வூட்ல எழவுன்னு கேட்டாரு. மயிலு அட்டை நம்மாண்டயே இருக்குது, ஏத்திட்டேன்."

கரையில் பறவை விழ வேண்டுமானால் அதற்கென்று துளையிட்ட அட்டைகளைத் தறிமேல் கோக்க வேண்டும். புதுப் பறவைக்குப் புது அட்டை. அது தெரியாதவளா நான்? ஆனால் கோபம் அடங்கவில்லை.

"மயிலு வில்லியோடதுண்ணா. உனக்கு எட்டு புத்தகமும் சொன்னேனே."

"அத்தான் நானும் கேக்கறேன். முருகன் ஏறிக்கினு போற மயில வில்லி கையில குடுத்தது யாரு? எழுதனவங்க தப்புமா. அவங்க தப்ப நாம ஏன் நெய்யணும்?"

"கறுப்பு கேட்டேன், அரக்கு வந்திருக்குது."

"முழு கறுப்புல தறிக்கு பாவு நூலு ஏத்திட்டு கற்பூரம் காட்டச் சொல்றியா? நல்லா அடர்த்தியா தோய்ச்சிருக்குது. வெளிச்சம் இல்லாத எடமா பாத்து நில்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குரல் இறங்கியது. "பாப்பா பெரிய மனுஷி ஆன அன்னிக்கு நீ போன்ல தான் சொன்னே. தாய்மாமன்னு ஒரு பட்டு எடுத்துக்கினு வந்து நிக்க முடியல. இது தான் அதுக்கு நான் குடுக்கற மொத துணி. அதுல போயி காக்கா போடுவனா கௌரி?"

தறிச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது. நன்றாக இருக்கிறது, பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்தேன்.

5

சனிக்கிழமை யாழினி சயின்ஸ் ப்ராஜெக்டுக்குப் போனாள். நான் அங்கியை எடுத்து நானே மாட்டிக்கொண்டு விழாவுக்குப் போனேன். வீம்புதான். விழா நடந்தது ஒரு பழைய பஞ்சாலையில். இதுவும் ஒரு காலத்தில் துணி ஊராம். இப்போது தறி நின்ற இடத்திலெல்லாம் காப்பிக் கடை வைத்து, சுவரில் தறியின் புகைப்படம் மாட்டியிருக்கிறார்கள்.

அங்கேதான் அந்தப் பெண்மணி என்னைக் கேட்டார். நான் பிரின் என்றேன். பிரினுக்கு மயில் இல்லை என்றார். எனக்கும் தெரியும் என்றேன். விளக்கை என் தோள்மேல் திருப்பி, நிறமும் சிவப்பு என்றார். காக்கைப் பிரிவில் சேர்க்க விதியில் இடமில்லை. கெட்டவர் என்றால் மயிலரசிப் பிரிவு, மாடியில். இல்லாவிட்டால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று குரலில் தேன் தடவிக்கொண்டார். உலகப் பண்பாட்டு உடைகள் என்று இந்த வருடம் ஒரு பிரிவு தொடங்கியிருக்கிறார்கள், இதுவரை யாரும் சேரவில்லை, எனக்குப் பரிசு நிச்சயம்.

பதினெட்டு வருடம், எட்டுப் புத்தகம், மூன்று நுழைவுத் தேர்வு. கடைசியில் எனக்கென்று ஒரு மூலையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள். "கெட்டவள் என்றே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

மாடியில் மயிலரசிக் கூட்டம். கடை அங்கியில் காகித மயிலிறகு ஒட்டிக்கொண்ட பெண் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி, கண்ணுக்குக் கீழே பச்சை மை தீட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றவள், யாழினி.

அவளும் என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அதற்குள் அவளுடைய தோழி ஒருத்தி ஓடிவந்து என் கரையைப் பிடித்துப் பார்த்து, "யாஸ், இங்க வா, இது நிஜப் பட்டு" என்று கத்தினாள். யாழினி வந்தாள். என் கண்ணை நேராகப் பார்த்து, சுத்தமான ஆங்கிலத்தில், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்: "உங்கள் அங்கி ரொம்ப அழகாக இருக்கிறது. எங்கே வாங்கினீர்கள்?"

அறையலாம் போல இருந்தது. அழலாம் போலவும் இருந்தது. இவளுக்குப் புத்தகம் அலுத்துவிட்டது என்று நினைத்து நான் தறிவரைக்கும் போயிருக்கிறேன். புத்தகம் அலுக்கவில்லை. என்னோடு வருவதுதான் அலுத்திருக்கிறது.

"என் அண்ணன் நெய்தது" என்றேன், நானும் ஆங்கிலத்தில். "காஞ்சிபுரத்தில்."

"யாஸ், உன் ஊரும் அதுதானே?" என்றாள் தோழி.

"பக்கத்துல" என்றாள் என் மகள்.

பத்து மாதம் சுமந்து, பிள்ளையார்பாளையத்துக்குப் போய்ச் சீமந்தம் முடித்து, திரும்பும் விமானத்தில் வாந்தியெடுத்தபடி கொண்டுவந்து பெற்ற பிள்ளை. பக்கத்து ஊராம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் கண் மட்டும் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. இந்த ஒரு தடவை, அம்மா, இந்த ஒரு தடவை.

அண்ணன் குரல் ஞாபகம் வந்தது. கொக்கியைக் கழற்றினேன். "இது எனக்குக் கொஞ்சம் இறுக்கம். உனக்குச் சரியாக இருக்கும். போட்டிக்கு நீ போட்டுக்கொள்ளேன், பெண்ணே" என்றேன். என் மந்திரவாதி ஆங்கிலம் அன்றைக்குத்தான் அந்த இடத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

ரவிக்கைக் கொக்கியை அவளுக்குப் போடத் தெரியவில்லை. நான்தான் கழுத்தில் மாட்டிவிட்டேன். அவள் குனிந்து நின்றாள். பிறகு, முன்பின் தெரியாதவள் கேட்கிற மாதிரியே, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றாள்.

அவளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, ஒன்பது மணிக்கூண்டையும் தலையில் சுமந்துகொண்டு வந்த ஓர் ஆளுக்கு. கீழே மேசையில் இருந்த அதே பெண்மணி மேடையில், இவ்வளவு துல்லியமான மயிலரசியை மன்றம் கண்டதில்லை என்று நெகிழ்ந்தார். படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது: "பாப்பா மகாலட்சுமி மாதிரி இருக்குதுமா. பின்னாடி தூணு நல்லா இருக்குது. எந்தக் கோயில்ல எடுத்தது?"

6

திரும்பும்போது ஒரே பஸ். நான் முன்னால் உட்கார்ந்தேன். அவளும் தோழிகளும் பின்னால். யாரோ ஒரு அம்மாளின் அங்கியைத் திருப்பித் தர வேண்டாமா என்று அவர்களில் யாருக்கும் தோன்றாதது எனக்கு அதிசயமாக இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருத்தி இறங்கினாள். கடைசித் தோழியும் இறங்கி, பஸ் திரும்பிய பிறகு, யாழினி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கழுத்துக் கொக்கியை நெருடினாள்.

"கழுத்துல குத்துது" என்றாள். தமிழில்.

"ஜரிகை. பழகினா சரியாயிடும்."

"மாமாக்கு மயில் வில்லின்னு தெரியுமா?"

"எட்டு புத்தகமும் தெரியும். எழுதனவங்க தப்புன்றாரு."

சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு, மயிலரசி ஆறாவது புத்தகத்தில் செத்தது தனக்கும் பிடிக்கவில்லை, மாமா சொல்வதுதான் சரி என்று ஆரம்பித்து, இரண்டு மொழியையும் கலந்து அடித்துப் பேசிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். கோபம் எங்கோ இருந்தது, அதைத் தேடி எடுக்க மனசில்லை.

எங்கள் நிறுத்தம் வருவதற்கு முன்னால் குரலைத் தணித்துச் சொன்னாள்: "அம்மா, நெக்ஸ்ட் இயர் நீ தனியா வா. நானும் ஃப்ரெண்ட்ஸோட வரேன். அங்க பாத்துக்கலாம். நான் உன்ன இன்ட்ரொட்யூஸ் பண்றேன்."

"யாருன்னு?"

கொஞ்சம் யோசித்தாள். கரையில் இருந்த மயிலை விரலால் நீவிக்கொண்டே, "இத நெய்ஞ்சவரோட தங்கச்சின்னு" என்றாள்.

பக்கத்து ஊர்க்காரியாக இருந்தவளுக்கு இது பதவி உயர்வுதான். சரி என்று சொல்லிவிட்டு, இறங்குவதற்கு மணியை அழுத்தினேன்.